மடிப்புக்குள் போன விரல்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று முதலாளி கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னோடு வேலை செய்த சுகந்தியிடமும் அதையே கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அவள் எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். கதைக்க வருவது போலவே அவளுக்கு எழுதவும் வரும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆகவே இதை முதலில் வாசித்துவிட்டு அவளுடையதைப் பிறகு வாசியுங்கள். ஒழுங்கு மாறினால் என்னுடையதை ஒருவரும் கையில் எடுக்கமாட்டீர்கள்.

எந்த வயதுக்கு எந்த இலக்க உடுப்பு, துணி எவ்வளவு கனம் என்பதெல்லாம் பையிலேயே அச்சடித்து வருகிறது. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பையில் அச்சடிக்காதது, நாம் சொல்வதை மற்றவர்கள் நம்பாத நேரத்தில் என்ன செய்வது என்பது. அது எனக்குத் தெரியும். என்னை அநேகமாக ஒருவரும் நம்பியதில்லை.

அதற்கு நானும் காரணம். விளையாட்டுச் சாமான் கடைக்கு வருமுன் நான் ஒரு தையல்கடையில் பள்ளிக்கூட உடுப்புகளுக்கு ஓரம் மடித்துக் கொடுத்தேன். அங்கேயும் சரி, மருதனார்மடச் சந்தியில் இந்தக் கடைக்கு வந்த பிறகும் சரி, ஒரு பொருளை விற்றால் அது என்னோடு வீட்டுக்கு வரும். மட்டையின் பிடி கழன்றுவிடுமோ, பந்தின் தையல் பிரிந்துவிடுமோ என்று கிடந்து யோசிப்பேன். ஒருமுறை ஒரு பையனுக்குப் பல்லுக்காப்பு விற்றேன். அதைக் கொதிதண்ணீரில் போட்டு இளகவைத்து, பச்சைத்தண்ணீரில் தோய்த்து, அதன்பிறகே வாயில் வைத்துக் கடிக்க வேண்டும். பச்சைத்தண்ணீரைச் சொன்னேனா இல்லையா என்று கடை பூட்டும்போது சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளையின் வாய் வெந்துபோனால் என்ன செய்வது? ஓட்டோ பிடித்துக்கொண்டு இணுவிலுக்குப் போய், வீடு வீடாக விசாரித்து, வாசலில் போய் நின்றேன். பையன் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பையிலை படம் போட்டிருக்கே அக்கா."

மறுநாள் சுகந்தி இந்தக் கதையைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். நடந்ததைவிட அவள் சொன்னது நன்றாக இருந்தது. நானே சிரித்துவிட்டேன், பிறகு சிரித்ததற்காக என்மேல் கோபம் வந்தது. அன்றிலிருந்து நான் ஓட்டோ அக்கா. பயப்படுவது பிழையில்லை, பிள்ளைகள். ஆனால் பயத்தைக் கண்டபடி செலவழித்தால், உண்மையில் தேவைப்படும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சுகந்தியைப் பற்றி இனிமேல்தான் சொல்லவேண்டும். அவள் எனக்குப் பிறகு வந்தவள். தாய்மார் வந்தால் நான் என்ன வேண்டும் என்று கேட்பேன். அவள் தாயைப் பார்க்கவே மாட்டாள். பிள்ளையின் உயரத்துக்குக் குந்திக்கொண்டு, "உன்ரை வகுப்பிலை ஆரைக் கவிட்டுப்போட வேணும், சொல்லு பாப்பம்" என்று கேட்பாள். பிள்ளை வெட்கத்தோடு ஒரு பெயர் சொல்லும், தாய் வாய்விட்டுச் சிரிப்பாள், அவ்வளவுதான், விற்றுவிட்டது. இதை நான் வீட்டில் கண்ணாடிக்கு முன் குந்திப் பார்த்திருக்கிறேன். எனக்கு முழங்கால் நொந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

அச்சுவேலியில் ஒரு மாஸ்டர் சிறுவர்களுக்கு ஜியு-ஜிட்சு வகுப்புத் தொடங்கினார். பிரேசில் நாட்டு முறையாம். அடியும் உதையும் கிடையாது, ஆளை ஆள் பிடித்து நிலத்தில் மடக்க வேண்டும். எங்கள் சனம் அதற்கு உருளுற கராட்டி என்று பெயர் வைத்தது. உடையைப் பிடித்து இழுத்துத்தான் முழு விளையாட்டும் என்பதால், கராட்டிச் சட்டை அதற்குக் காணாது, கிழிந்துவிடும். கம்பளம் மாதிரிக் கனத்த பருத்தியில் ஒரு மேற்சட்டை, காற்சட்டை, இடுப்புப் பட்டி. அதற்குக் கி என்று பெயர். வகுப்புப் பிள்ளைகளுக்கான கி எல்லாம் எங்கள் கடைக்கூடாக என்று பேசி முடித்ததும், முதலாளி அந்தப் பகுதியைச் சுகந்தியிடம் கொடுத்தார். எனக்குப் பந்துகள். காற்றடிப்பதும் நான்தான்.

எனக்கு எரிந்தது. மறைக்கவில்லை. சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்த தாய்மார் அப்படியே கடைக்குள் வருவார்கள். வாசலில் நிற்கும் என்னைத் தாண்டிக்கொண்டு, "சுகந்தி நிக்கிறாவோ?" என்று கேட்பார்கள். நான் கையால் உள்ளே காட்டுவேன். அவள் வெறும் அட்டைப்பெட்டிகளை விரித்துவிட்டு, கி போட்ட பிள்ளையை அதில் உருண்டு பார்க்கச் சொல்லுவாள். சந்தைக்கு வந்த ஆட்கள்கூட நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் காற்றடித்துக்கொண்டே கண்ணால் அளப்பேன். அவள் எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு கொடுக்கிறாள், என்ன சொல்கிறாள், எதை விட்டுவிடுகிறாள் என்று ஒன்றும் தப்பாது. ஒருத்தியில் பொறாமை வந்தால் அவளுடைய வேலையை அவளைவிடக் கவனமாகப் பார்ப்போம். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி அப்படிக் கற்றதுதான்.

அப்படிப் பார்த்ததில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பிள்ளைக்கு எந்த உடுப்பு எடுத்தாலும் வளர்த்திக்கு வைத்துத்தான் எடுப்போம். பள்ளிக்கூடச் சட்டையின் ஓரத்தை அகலமாக மடித்துத் தைத்து, வருடா வருடம் இறக்கிவிடுவது உங்களுக்கும் நடந்திருக்கும். இறக்கிய இடத்தில் கோடு ஒன்று தெரியும், அதைப் பார்த்தே பிள்ளை எத்தனையாம் வருடம் அந்தச் சட்டையைப் போடுகிறது என்று சொல்லிவிடலாம். தாய்மார் கி எடுக்கவும் அதே கணக்கோடு வந்தார்கள். நான் அளவாக எடுங்கோ என்று சொன்னால், அடுத்த வருடம் இன்னொன்று விற்கப் பார்க்கிறாள் என்று முகத்தைத் திருப்பினார்கள். சுகந்தி பெரிதாகவே எடுத்துக் கொடுத்தாள். கையையும் காலையும் மடித்து அங்கங்கே ஓட்டுத்தையல் போட்டுவிடச் சொன்னாள். உள்ளுக்கு மடித்தால் கனத்த துணி மணிக்கட்டை உராயும், வெளிப்பக்கமாக மடியுங்கோ என்றாள். அதில் நியாயம் இருந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது. மாப்பிள்ளைச் சட்டை மாதிரி என்று ஒரு தாய் சொன்னாள்.

எனக்கு அது ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மடிப்பில் ஏதோ பிழை இருக்கிறதா, அல்லது அதை மடிக்கச் சொன்னவள் சுகந்தி என்பதுதான் பிழையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆரணி என்று ஒரு பிள்ளை. ஊர் உடுப்பிட்டி. தகப்பன் தோட்டக்காரர். பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டுக்கும் சேராத, யாரோடும் அதிகம் கதைக்காத பெட்டை. கடையில் அட்டையில் உருண்டபோதுதான் அது சிரிக்கும் என்று தாய்க்கே தெரிந்ததாம். பெற்றோருக்குக் காட்ட மாஸ்டர் ஒரு சிறு போட்டி ஒழுங்கு செய்திருந்தார். அந்தக் கிழமை தாயும் மகளும் பல்லுக்காப்பு வாங்க வந்தார்கள். வகுப்பிலிருந்து நேரே வந்ததால் பிள்ளை கியோடுதான் நின்றது. தகப்பனுக்கு இந்த உருளுற விளையாட்டில் விருப்பமில்லை என்று தாய் சொன்னாள்.

"ஒரு காயம் எண்டாலும் அண்டையோடை நிப்பாட்டிப்போடுவன் எண்டு சொல்லிப்போட்டார் அக்கா. போட்டிக்கும் அதைப் பாக்கத்தான் வாறார்."

பிள்ளை இடுப்புப் பட்டியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

ஓரம் மடித்துப் பழகிய கை சும்மா இருக்காது. தாய் போட்ட தையல் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் பிள்ளையின் கையைப் பிடித்தேன். தையலுக்கும் தையலுக்கும் நடுவே இடைவெளி. முழங்கைப் பக்கமிருந்து என் விரல் வழுக்கிக்கொண்டு மடிப்புக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துச் சுகந்தி தன் மேசையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஆரணி, ஆரும் கையைப் பிடிச்சா எப்பிடி விடுவிக்கிறது? ஓட்டோ அக்காவுக்குக் காட்டு பாப்பம்."

பிள்ளை மாஸ்டர் பழக்கியபடியே கையை முறுக்கிப் பின்னுக்கு இழுத்தது. என் விரல் மடிப்பின் அடிவரை போய், அங்கே மாட்டி, அதோடு சேர்ந்து முறுகியது. எனக்குச் சத்தமே வரவில்லை. குனிந்து குந்திவிட்டேன். நான் நடிக்கிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி கைதட்டினாள். நான் விரலைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தபோது அது கத்தரிக்காய் மாதிரி வீங்கத் தொடங்கியிருந்தது.

அப்போது விளங்கிவிட்டது. வெளிப்பக்கம் மடித்த ஒவ்வொரு கையும் விரலைப் பிடிக்கும் ஒரு பொறி. ஒன்று பிடிக்கும், மற்றது இழுக்கும், விளையாட்டே அதுதான். காற்சட்டை மடிப்பில் கால்விரலும் அப்படியே போகும். என் விரல் முற்றின விரல், வீக்கத்தோடு போயிற்று. பிள்ளையின் விரல் என்றால்?

முதலாளியிடம் ஓடினேன். போட்டிக்கு முன் எல்லாக் கியையும் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் பல்லுக்காப்புக்கும் ஓட்டோ பிடிச்ச ஆளெல்லே."

விரலைக் காட்டினேன். பந்து பட்டதோ என்று கேட்டார். சுகந்தியின் பகுதியில் உங்களுக்கு என்ன அலுவல் என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டது மாதிரித்தான் இருந்தது. மாஸ்டரிடம் சொல்லலாமென்றால் அவர் வகுப்பு முடிந்த கையோடு கொழும்புக்குப் போய்விட்டார், போட்டியன்று காலைதான் வருவார், தொலைபேசியும் எடுக்கவில்லை. நானே தாய்மாரில் ஒருத்தியை அழைத்துச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. சுகந்தியிலை உங்களுக்கு எரிச்சல் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

பொய் சொன்னால் கோபிக்கலாம். உண்மையைச் சொன்னால் என்ன செய்வது? தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு பந்தை எடுத்துக் காற்றடித்தேன். ஒரு விரலை நீட்டிக்கொண்டு காற்றடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு பிள்ளைக்குக் காயம் வந்தால் அது சுகந்தியின் தலையில்தான் விழும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததை வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டை பட்டியை இறுக்கிக் கட்டியது அதற்கு மேலால் வந்து நின்றது.

என்னை நம்பமாட்டார்கள். சுகந்தியை நம்புவார்கள். ஆகவே நம்பவைக்க வேண்டிய ஆள் ஒருத்திதான்.

அவள் பின்னறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. விளக்கம் சொன்னால் என் குரல் நடுங்கும், நடுங்கினால் அவள் சிரிப்பாள். ஒரு கியின் கையை அவள் சொன்ன மாதிரியே வெளிப்பக்கம் மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் கொண்டுபோனேன்.

"உன்ரை விரலைத் தா," என்றேன்.

தந்தாள். மடிப்புக்குள் விட்டு, கையை மெல்ல முறுக்கினேன். மெல்லத்தான். அவளுடைய சிரிப்பு நின்றது. விரலை எடுத்துப் பார்த்தாள், பிறகு என் விரலைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நடிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏனக்கா எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பியோ?"

"மாட்டன்," என்றாள். அவளில் எனக்குப் பிடிக்காத குணங்களில் இதுவும் ஒன்று, கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

"தாய்மாருக்கு நீ சொல்லு. நான் சொன்னா எரிச்சலிலை சொல்லுறன் எண்டுவினம்."

"எரிச்சல் இல்லையோ?"

"இருக்கு. அது வேறை, இது வேறை."

இந்தத் தொழிலில் நான் சொன்ன வசனங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். எழுதி ஒட்டிவைக்கச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கும் பக்கத்து மேசையில் ஒருத்தி இருப்பாள், அன்றைக்கு நினைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை எல்லா மடிப்பையும் வெட்டி எறிவது. சுகந்தி தலையை ஆட்டினாள். வளர்த்தியை வெட்டினால் தாய்மார் நம்மையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள் என்றாள். அவளுக்குத்தான் தோன்றியது: இது பருத்தி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவிட்டால் சுருங்கும். சுருங்கியபின் மிஞ்சும் மடிப்பை ஊசிகூட நுழையாதபடி வரிசை வரிசையாக இயந்திரத்தில் அடித்துவிட்டால் பொறி அடைபட்டுவிடும், பிள்ளை வளரும்போது பிரித்து இறக்கலாம். நான் கண்டது ஆபத்தை மட்டும். வழியை அவள் கண்டாள். அதுவும் எனக்கு எரிந்தது.

தாய்மாருக்கு அவள் ஆபத்து என்ற சொல்லையே எடுக்கவில்லை. முதலாளியிடம் தானே சம்மதம் வாங்கி, போட்டிக்கு முன் கடை இலவசமாகச் சுருக்கித் தைத்துத் தரும் என்றாள். அடுத்த நாளே கி எல்லாம் வந்து குவிந்தன. கடையின் பின்முற்றம் முழுக்கக் கொடி கட்டி வெள்ளைவெள்ளையாகக் காயவிட்டோம். எங்கள் வெயிலுக்கு அது பெரிய வேலையில்லை. நான் வீங்கிய விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு இயந்திரத்தில் அடித்தேன். முன்னால் தாய்மார் சுகந்திக்கு நன்றி சொல்வது இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சுகந்தி உள்ளே ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. ஆறினபிறகு குடித்தேன்.

ஒரு கி மட்டும் வரவில்லை. ஆரணியுடையது. தாய் ஒரே பிடியாக நின்றாள். சுருங்கினால் வளர்த்திக்கு என்ன செய்கிறது, இது இன்னும் மூன்று வருடத்துக்குப் போட எடுத்தது என்று சுகந்தியிடமே சொல்லிவிட்டாளாம். சுகந்தியின் வாய்க்கும் மசியாத ஒரு தாய் இருந்தாள் என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி வந்து, அடுத்த மூச்சில் அந்த வெளிமடிப்பு நினைவுக்கு வந்தது.

போட்டியன்று காலை கடைக் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு அச்சுவேலிக்கு பஸ் ஏறினேன். மண்டபத்தில் பாய்கள் விரித்தாயிற்று. மாஸ்டர் வந்த விருந்தினர்களோடு நின்றார். சுகந்தி ஒலிவாங்கியோடு மேடையில், ஆரணியின் தாய் முன்வரிசையில். தகப்பன் உட்காரவில்லை. தோட்டத்திலிருந்து நேரே வந்தவர் மாதிரிப் பக்கக் கதவடியில் நின்று, பாய்க்கும் பாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். நானும் உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தேன்.

பிள்ளைகள் மண்டபத்தின் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஆரணியின் கையில் அதே வெளிமடிப்பு. அடுத்த சோடி அவளுடையது. தாயிடம் போய்க் கேட்க நேரமில்லை, கேட்டாலும் விடமாட்டாள். மாஸ்டரிடம் சொன்னால் அவர் பிள்ளையைப் பாயில் இறக்காமல் விடுவார், அதோடு தகப்பனுக்குக் காரணம் கிடைத்துவிடும். நான் பிள்ளையின் முன் குந்தினேன். முழங்கால் நொந்தது.

"ஆரணி, அண்டைக்கு என்ரை விரல் உதுக்குள்ளைதான் மாட்டினது. உன்னோடை பிடிக்கிற பிள்ளையின்ரை விரலும் மாட்டும். இதை வெட்டினால்தான் சரி. அம்மா பேசுவா."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள்.

"வெட்டுங்கோ."

அவளுடைய குரலை நான் அன்றுதான் கேட்டேன். துணி கனம். வீங்கிய விரலோடு கத்தரிக்கோல் போகமாட்டேன் என்றது. ஒரு கை வெட்டி முடித்து நிமிர்ந்தபோது எனக்குப் பின்னால் ஒரு நிழல். தகப்பன்.

"என்ன செய்யிறியள்?"

ஒரு சின்னத் தையல் வேலை என்று சொல்லியிருக்கலாம். அவர் போயிருப்பார். பிள்ளை என்னைப் பார்த்தது. இந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருடமும் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். மறைத்தால் பிள்ளை இன்று விளையாடும். ஆனால் பயந்த மனிதரிடம் ஒன்றை மறைத்து அவர் பிறகு கண்டுபிடித்தால், மிச்சம் எல்லாவற்றிலும் அவருக்கு நம்பிக்கை போய்விடும். எனக்கு அப்படித்தான், அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"மடிப்புக்குள்ளை விரல் போனால் முறியும் தம்பி. அதுதான் வெட்டுறன். வெட்டினாப் பிறகு பயமில்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

விரலைக் காட்டினேன். அவர் அதைப் பிடித்து, தோட்டத்தில் காய் பார்க்கிறது மாதிரி அமத்திப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இதுக்காகவோ மருதனார்மடத்திலை இருந்து வந்தனீங்கள்?"

"ஓம்."

"நித்திரை கொள்ளேல்லைப் போலை."

"இல்லைத் தம்பி."

"நானும்தான்," என்றார். மண்டபத்துக்குள் சுகந்தி ஆரணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் மகளைப் பார்த்தார், வெட்டிய கையைப் பார்த்தார், வெட்டாத கையைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் குந்தி, மற்றக் கையின் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்து விறைப்பாகப் பிடித்தார்.

"இவ்வளவு பயப்பிடுற ஆள் ஒராள் பாக்கிறா எண்டால் போகட்டும். வெட்டுங்கோ, நான் பிடிக்கிறன்."

கையை வெட்டினோம். காற்சட்டையின் இரண்டு காலையும் வெட்டினோம். நூல் தொங்கத் தொங்கப் பிள்ளை பாய்க்கு ஓடியது. முன்வரிசையில் தாய் எழும்பி நின்றுவிட்டாள். அவள் வாய் திறக்குமுன் சுகந்தி ஒலிவாங்கியில், இது எங்கள் கடையின் புது மாதிரி அரைக்கை, முதலில் போடுவது ஆரணி என்றாள். மண்டபமே சிரித்தது. தாயும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி ஒரு சிரிப்பை என் ஆயுளில் என்னால் எழுப்ப முடியாது. நான் துண்டுத் துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்று எரிந்தேன்.

மற்றப் பிள்ளை பிடித்த இடம் சரியாக அந்தக் கையின் ஓரம். ஆரணி முறுக்கி இழுத்தாள். பிடி வழுக்கிக்கொண்டு போனது, விரல் விரலாகவே இருந்தது. நானும் தகப்பனும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். ஆரணி கடைசியில் தோற்றாள். எழும்பி, கடையில் அட்டையில் உருண்ட அன்று சிரித்தது மாதிரியே சிரித்தாள். தகப்பன் வெளியே போய் மகளின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். நிப்பாட்டுகிற கதை அதற்குப் பிறகு வரவில்லை.

வெட்டிய கிக்குப் பதிலாக முதலாளி வேறு கொடுக்கச் சொன்னார். அதை எடுக்கத் தகப்பன்தான் மகளோடு வந்தார். சனிக்கிழமை, கடை நிரம்பிய சனம். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். சுகந்தி எழும்பி, "வாங்கோ அண்ணை" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. அந்தப் பயந்த அக்கா நிக்கிறாவோ?"

சுகந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவளுக்கு எரிந்தது. கொஞ்சம்தான், ஆனால் எரிந்தது. எனக்கு எத்தனையோ வருடத்துச் சம்பளம் ஒன்றாகக் கிடைத்தது மாதிரி இருந்தது. ஆரணிக்கு அளவான கி, வளர்த்தி ஒரு விரற்கடைதான், அதுவும் இறுக அடித்தது, நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஆள்தான் அப்படிக் கேட்டு வந்தார். மற்றவர்கள் எல்லோரும் முன்போலவே சுகந்தியிடம்தான் போனார்கள். எங்கள் கடையில் கியின் கையை அப்படி வரிசையாக அடித்துக் கொடுப்பதற்கு இன்றைக்கும் சுகந்தித் தையல் என்றுதான் பெயர். தைத்தது நான்.

வேலையிலிருந்து நின்றுவிட்ட நான், சென்ற கிழமை ஒரு அலுவலாகச் சந்திக்கு வந்தவள் கடைக்குள்ளும் ஏறினேன். உங்களில் ஒருத்தி, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்த பிள்ளை, ஒரு தாய்க்குக் கி காட்டிக்கொண்டு நின்றாள். கொடுக்குமுன் கையின் ஓரத்துக்குள் தன் விரலை விட்டு இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தாள். போகவில்லை என்று கண்டபிறகுதான் பைக்குள் வைத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

"சுகந்தி அக்கா," என்றாள்.

நான் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு பஸ்சுக்குப் போனேன். மழைக்குணம் வந்தால் இந்த விரல் இப்போதும் குத்தும், அன்று நல்ல வெயில், ஆனாலும் குத்தியது. தொடர்ந்து அப்படியே விரலை விட்டுப் பாருங்கள், பிள்ளைகள். சுகந்தி சொல்லித் தந்தாள் என்றே சொல்லுங்கள், அவள் சொல்லித்தான் தந்திருப்பாள். ஆனால் அதற்குள் முதலில் மாட்டியது என்னுடைய விரல்.